உள்ளே இருந்த சூடு

ஐந்தாம் நாள் காலையில் சிறுநீர் போகும்போது எரிந்தது. சிங்கப்பூரில் ஒரு ஓட்டலின் பதினாறாவது மாடியில் கட்டாயத் தனிமையில் இருந்தேன். இன்னும் ஒன்பது நாள் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

நான் செஞ்சிக்காரி. வல்லம் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வேலை. என் தம்பி முரளி பதினெட்டு வருடமாகச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன், அங்கேயே குடியேறிவிட்டவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், மூன்று வருடமாக டயாலிசிஸில் (சிறுநீரகம் செய்ய வேண்டிய சுத்திகரிப்பை இயந்திரம் செய்வது) இருந்தான். அதற்காக ஊசி ஏற்றும் கை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டே வந்தது. இனிமேல் தாமதிக்கக் கூடாது, மாற்று சிறுநீரகம் வைத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

என்னுடையது பொருந்தியது. கொரோனா காலம். விமானம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. சிறப்பு அனுமதி வாங்கிப் போய் இறங்கினேன். பதினான்கு நாள் ஓட்டல், அது முடிந்து ஆறாம் நாள் அறுவை என்று தேதி குறித்திருந்தார்கள். இடையில் எனக்குக் காய்ச்சல் என்று ஒன்று வந்தால் தேதி போய்விடும். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் விடிந்தது.

இப்படி அயல்நாட்டில் அடைந்து கிடக்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். ஜன்னல் இருக்கும், திறக்காது. கதவு திறக்கும், நீங்கள் திறக்கக் கூடாது. சாப்பாட்டை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு மணி அடிப்பார்கள். வைத்தவர் போன பிறகுதான் எடுக்கலாம். மூன்று வேளை சாப்பாடு போட்டவரின் முதுகைக்கூட நான் பார்த்ததில்லை. தினமும் மூன்று முறை உடம்பு வெப்பத்தை அளந்து போனில் அனுப்ப வேண்டும். ஒரு பிளாஸ்டிக் சொம்பு கொண்டு போங்கள்; குளியலறையில் இருக்காது. ஊறுகாயும் கொண்டு போங்கள்.

எனக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகள் பின்னால் ஓடுகிறவள். கட்டிலிலிருந்து கதவுக்கு ஒன்பது எட்டு. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு நடந்து போவதாக வைத்துக்கொண்டு நடப்பேன். வழியில் வளத்தி ஊரைத் தாண்டியிருப்போம் என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தால் இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. டிவியைப் போடுவேன், அணைப்பேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். ஏசி குளிரில் தாகமே எடுக்கவில்லை. வைத்துப்போன தண்ணீர் பாட்டில்கள் அப்படியே வரிசையாக நின்றன.

ஆறாம் நாள் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"இன்னா பண்ற? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். ஒடம்புதான் சூடா இருக்குது."

"தொப்புள்ல எண்ண வெச்சிகினு படு. எளநி கெடைக்குமா அங்க?"

"கதவத் தொறந்தாதான எளநி."

எங்கள் பக்கத்தில் சூடு என்றால் காய்ச்சல் இல்லை. வெயிலில் அலைந்தால் சூடு, தூக்கம் கெட்டால் சூடு. கண் எரிந்தாலும் வயிறு இழுத்துப் பிடித்தாலும் சிறுநீர் கடுத்தாலும் சூடுதான். பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் எதையும் அந்தச் சொல்லுக்குள் போட்டு மூடிவிடலாம். நானும் போட்டு மூடினேன்.

தினமும் காலையில் ஒரு தமிழ் நர்ஸ் போன் செய்து விசாரிப்பார். வானொலிச் செய்தி போலத் திருத்தமான தமிழ். ஏழாம் நாள் அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"காய்ச்சல், இருமல், சளி ஏதும் இருக்குங்களாம்மா?"

"காய்ச்சல்லாம் இல்லீங்க. ஒடம்பு சூடு, அவ்ளோதான்."

"எத்தனை நாளா சூடு?"

"மூணு நாளா."

"ஆனா முப்பத்தாறு புள்ளி ஆறுன்னுதானே அனுப்பியிருக்கீங்க?"

"அதுல காட்டாதுங்க. இது உள்ளார இருக்குற சூடு."

அந்தப் பக்கம் அவர் எதையோ தட்டி எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா, அறையிலேயே இருங்க" என்றார். வேறு எங்கே போவேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு மணி நேரத்தில் கதவு மணி அடித்தது. தலை முதல் கால்வரை மூடிய மூன்று பேர். கீழே ஆம்புலன்ஸ். காரணம் புரியாமல் சொம்பையும் பையில் திணித்துக்கொண்டு ஏறினேன். போகும் வழியில் முரளி போன் செய்தான்.

"அக்கா, உனக்கு ஃபீவராமே? டேட்ட கேன்சல் பண்ணிட்டாங்க."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "இல்லடா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். தொற்று இல்லை என்று வந்தது. வெப்பம் அளந்தார்கள், அதுவும் சரியாகவே இருந்தது. இளம் சீன டாக்டர் ஒருவர் என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தத் தமிழ் நர்ஸையே ஸ்பீக்கர் போனில் அழைத்து, மொழிபெயர்க்கச் சொன்னார்.

"டாக்டர் கேக்குறாரு. காய்ச்சல் இல்லாம எப்படிச் சூடு இருக்கும்?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு வார்த்தை இல்லை என்று அந்த நர்ஸும் சொன்னார். டாக்டர் சற்று யோசித்து இன்னொன்று கேட்டார்.

"எந்த எடத்துல சூடுன்னு கேக்குறாரு."

காது மடல் சிவந்திருக்கும் எனக்கு. மகன் வயது பையன். "ஒண்ணுக்குப் போனா எரியுதுங்க" என்று போனைப் பார்த்துச் சொன்னேன்.

அன்றே பரிசோதித்தார்கள். சிறுநீர்த் தொற்று. தண்ணீர் குடிக்காமலும், எரிச்சலுக்குப் பயந்து அடக்கி வைத்தும் நானே வளர்த்தது. டாக்டர் சொன்னதை நர்ஸ் நிதானமாகச் சொன்னார்: அறுவைக்கு முன் எப்படியும் சிறுநீரைச் சோதிப்பார்கள், அப்போதும் தேதி தள்ளித்தான் போயிருக்கும். மாற்று சிறுநீரகம் வைத்தவருக்கு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள். அந்த உடம்புக்கு இந்தக் கிருமி போனால் ஆபத்து. ஐந்தாம் நாளே சொல்லியிருந்தால் ஓட்டலுக்கே மருந்து வந்திருக்கும். தேதியும் தள்ளிப் போயிருக்காது.

"ஒடம்புக்கு இன்னா, எங்க எரியுது, எத்தினி நாளா" என்று கிராமத்துத் தாய்மாரிடம் துருவித் துருவிக் கேட்டு எழுதுகிறவள் நான். சூடு என்று மழுப்பினால் கடிந்துகொள்வேன். எனக்கு என்று வரும்போது வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, என்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

அடுத்த தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அதற்குள் முரளியின் கைக் குழாய் முழுக்க அடைத்து, கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். தனிமை முடிந்து வந்த நான் அவன் வீட்டு ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கழுத்துக் கட்டோடு உட்கார்ந்து அவன் என்னையே பார்ப்பான்.

"உக்காருக்கா. தல சுத்துது."

"என்னாலதானடா."

"தண்ணி குடி மொதல்ல."

அவன் குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு. என் டம்ளரை நிரப்பிக்கொண்டே இருந்தான். அவன் எதிரில் குடிக்க மனசு வராமல் டம்ளரைத் தள்ளி வைப்பேன். அவன் விடமாட்டான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் முரளியைப் பற்றித்தான் கேட்டேன். அறுவை மேஜையிலேயே அவனுக்குச் சிறுநீர் இறங்கிவிட்டது என்றார்கள்.

நீங்கள் எனக்குப் பின்னால் போகிறவர்கள் என்றால் சூடு என்று சொல்லாதீர்கள். எங்கே, எப்படி, எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். கூச்சம் பார்த்தால் அது பக்கத்தில் இருப்பவர் தலையில் விடியும்.

செஞ்சிக்குத் திரும்பிவிட்டேன். விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு. மழை வந்தால் இழுக்கிறது. இன்னும் ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை. ஒன்பது எட்டு வைத்தால் கால் தானாகத் திரும்புகிறது.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நான் ஆறு மணிக்கு எழும்போது அங்கே எட்டரை. போனில் முரளியின் செய்தி வந்திருக்கும். மூன்று வருடம் ஒரு சொட்டுச் சிறுநீர் போகாதவன், இப்போது அளந்து தினமும் எனக்கு அனுப்புகிறான்: "அக்கா, காலைல நானூறு மில்லி."

ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு நானும் போய்வருகிறேன். என் உடம்பு செய்ய வேண்டிய வேலையில் பாதி, நான் கண் விழிப்பதற்கு முன்பே அங்கே முடிந்துவிடுகிறது.