கிக்கரும் என் வலது முட்டியும்

சுவருக்குச் சுவர் கார்பெட் போடுகிறவனுக்கு முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, முட்டி நன்றாக இருக்க வேண்டும். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு ‘அம்மாடி’ சொல்லி ஏறுகிற அன்பர்களே, ‘சீக்கிரம் ஏறுய்யா’ என்று கண்டக்டரிடம் தினமும் திட்டு வாங்குகிறவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கும் முட்டி இருக்கிறது.

முதலில் ஆயுதத்தை அறிமுகப்படுத்திவிடுகிறேன். நாங்கள் அதைக் கிக்கர் என்போம். முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. ஒரு முனையில் கார்பெட்டைக் கவ்வும் பற்கள், மறு முனையில் ஒரு சின்னத் திண்டு. நம் ஊரில் பெரும்பாலும் பசை தடவி ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கனமான கார்பெட் என்றால் அது சரிப்படாது. சுவரோரம் நெடுக, ஆணி முனைகள் மேலே நீட்டியிருக்கும் மெல்லிய மரப்பட்டியை அடித்து, நடுவில் ஃபோம் விரித்து, அதன் மேல் கார்பெட்டைப் போட வேண்டும். பிறகு மண்டி போட்டு, கிக்கரின் பற்களைக் கார்பெட்டில் பதித்து, திண்டில் முட்டியால் ஓங்கி ஓர் இடி. கார்பெட் கொஞ்சம் நகர்ந்து ஆணியில் மாட்டும். தள்ளிப் போய் இன்னோர் இடி. அறை முடிகிற வரை இதேதான். விறைப்பாக இழுக்காவிட்டால் கார்பெட் நாளடைவில் அலை அலையாக எழும்பும், யாராவது தடுக்கி விழுவார்கள்.

முட்டிக்கு மேலே இருக்கிற சதையால் இடிக்க வேண்டும் என்பது விதி. காலையில் சதையில்தான் படும். மத்தியானத்துக்கு மேல் எங்கே படுகிறது என்று யார் பார்த்தார்கள்!

கேட்டில் ஒரு கேள்வி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகம். கேட்டில் இருந்த செக்யூரிட்டிப் பெரியவர் என் பையைத் திறக்கச் சொன்னார். கிக்கரை வெளியே எடுத்தார், பற்களைத் தொட்டுப் பார்த்தார், விரலை உதறிக்கொண்டார். இதை வைத்துக்கொண்டு யாரைத் தீர்க்கப் போகிறாய் என்பது மாதிரி என்னைப் பார்த்தார். சொன்னால் நம்பமாட்டார் என்று அவருடைய அறை வாசலில் கிடந்த கால்மிதியடி மேலேயே மண்டி போட்டு ஓர் இடி இடித்துக் காட்டினேன். மிதியடி நகர்ந்தது. அவர் மிதியடியைப் பார்க்கவில்லை, என் முட்டியைத்தான் பார்த்தார்.

“இன்னா நைனா இது, ராக்கெட் உடற காலத்துல முட்டியால இடிச்சிகினு கீற? இதுக்கின்னு மிஷின் ஒண்ணும் வர்லியா?”

வந்த மிஷின்

வந்தது. எங்கள் ஓனருக்குத் திருமழிசையில் குடோன். அங்கே ஒருநாள் நீளமாக ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே குழாய் குழாயாக இருந்தது. ஒன்றோடொன்று மாட்டி, எதிர்ச் சுவரில் முட்டுக்கொடுத்து, கைப்பிடியை அழுத்தினால் கார்பெட் தானாக இழுபடுகிறது. முட்டிக்கு வேலையே இல்லை. கூட வேலை செய்யும் பாபுவும் நானும் குடோனிலேயே ஒரு துண்டு கார்பெட்டைப் போட்டு மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தோம். எனக்குக் கொஞ்சம் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

ஒரே ஒரு வேலைக்குத்தான் எடுத்துப் போனோம். மாட்டிக் கழற்ற நேரம் பிடிக்கிறது, நம் ஊர் அறைகளில் பீரோவையும் கட்டிலையும் முழுக்க வெளியேற்ற முடிவதில்லை. அன்று சாயங்காலமே மிஷின் பரண் மேல் ஏறியது. வருத்தத்தை அடக்க முடியாமல் ஓனரிடம் கேட்டேவிட்டேன். அவர் கோபிக்கவெல்லாம் இல்லை, பொறுமையாகத்தான் விளக்கினார்.

“மிஷினுக்கு ரிப்பேர் வந்தா நான் பாக்கணும் சூசை. முட்டின்னா நீயே பாத்துப்ப.”

கீழ் வீட்டு அம்மா

மேனாம்பேட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மாடி வீட்டுக்காரர் ஒரு படுக்கையறையைச் சினிமா அறையாக மாற்றிக்கொண்டிருந்தார். கார்பெட் போட்டால் சத்தம் கீழே போகாது என்பது அவர் எண்ணம். போடுகிற சத்தம் கீழே போகுமே என்பது அவருக்குத் தோன்றவில்லை. தொம், தொம் என்று காலையிலிருந்து இடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கீழ் வீட்டு அம்மா மேலே வந்தார். இந்தத் தொழிலில் கீழ் வீட்டுக்காரர்கள் மேலே வருவது ஒரே காரணத்துக்குத்தான். மன்னிப்பை வாயில் தயாராக வைத்துக்கொண்டு எழுந்தேன்.

அந்த அம்மாவின் கணவர் படுத்த படுக்கை. பேச்சு கிடையாது. எந்நேரமும் மேல்தளத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பாராம். காலையிலிருந்து ஒவ்வொரு தொம்முக்கும் கண்ணை அந்தப் பக்கம் திருப்பினாராம். சத்தம் நின்றதும் தேட ஆரம்பித்துவிட்டாராம். “சாப்ட்டதும் ஆரம்பிச்சிடுவீங்க இல்ல?” என்றார். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு மறுபடி மண்டி போட்டேன். கார்பெட் முழுக்க மாட்டி முடித்த பிறகும், அவர் கட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்திருந்த மூலையில் வெறுமனே கொஞ்ச நேரம் இடித்தேன். வலி தொடைவரை ஏறியது. இறங்கிப் போகும்போது அந்த அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நாளைக்கும் வருவீங்க இல்லப்பா?”

எக்ஸ்ரே

அந்த வாரமே முட்டி வீங்கிக் கால்சட்டைக்குள் அடங்க மறுத்தது. என் மனைவி ஸ்டெல்லா கையோடு டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஃபுட்பால் ஆடுவீர்களா என்றார். இல்லை என்றேன். பைக்கிலிருந்து விழுந்தீர்களா என்றார். அதுவும் இல்லை, கார்பெட் என்றேன். கார்பெட் தடுக்கி விழுந்ததாக எழுதிக்கொண்டார். அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனி அந்த முட்டியால் எதையும் இடிக்கக் கூடாது, குந்தக் கூடாது, மண்டி போடவே கூடாது, மீறினால் நடையே போய்விடும் என்றார். வேறு வேலை பார்க்கச் சொன்னார். எங்களோடு முன்பு மணி என்று ஒருவன் இருந்தான். அவன் நொண்ட ஆரம்பித்ததும் ஓனர் அவனை நிறுத்தவில்லை, வேலைக்குக் கூப்பிட்டுப் போன் போடுவதை மட்டும் நிறுத்தினார். எனக்கும் அது நடந்துவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் ஒரே கவலை. நான் யோசனையில் உட்கார்ந்திருக்க, டாக்டருக்கு வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

“நம்ம ஊரு வெயில்ல எவன்யா வீட்டுக்குள்ள கார்பெட் போடுறான்?”

கோயிலில்

பூந்தமல்லிப் பக்கம் எங்கள் கோயிலில் திருவிழாவுக்காகப் பீடத்தைச் சுற்றிச் சிவப்புக் கார்பெட் போட்டது நான்தான். பங்கு மக்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வேலையைக் கிக்கரை இடிக்காமல் கையாலேயே தள்ளித் தள்ளி முடித்தேன், மூன்று மடங்கு நேரம் ஆனது. ஃபாதர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு, ஜெபம் சொல்லி ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற எழுந்தேற்ற நேரத்தில் எல்லோரும் முழந்தாளிட்டார்கள். நான் மட்டும் நின்றேன். குனிந்தால் எழ முடியாது, எழ முடியாவிட்டால் ஊருக்கே தெரியும், ஊருக்குத் தெரிந்தால் ஓனருக்குத் தெரியும். ஆண்டவரே, உமக்குத் தெரியுமே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பின் வரிசையில் இரண்டு அம்மாக்கள். அவர்களுக்குத் தெரியவில்லை.

“கார்பெட்டப் போட்டுக் குடுத்ததும் தலக்கனம் வந்துடுச்சு பாரேன், சாமிக்கு முன்னாடியே முட்டி போட மாட்டேங்கறான்.”

பாபு சொன்ன ரகசியம்

பாபு ஆவடிக்காரன். நான் நொண்டுவதை முதலில் கண்டுபிடித்தது அவன்தான். ஓனர் சைட்டுக்கு வரும் நாட்களில் என் பக்கத்துச் சுவரையும் சேர்த்து அவனே இடித்துவிடுவான். நான் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அளப்பதுபோல் நிற்பேன். அளந்ததையே எத்தனை தரம் அளப்பது! அவன் நல்ல மனசுக்கு ஒருநாள் நன்றி சொல்லப் போனேன். உனக்கென்ன, உன் முட்டி இரும்பு என்றேன். அவன் சிரிக்கவில்லை. கிக்கரைக் கீழே வைத்துவிட்டு, ஓனர் எங்கே நிற்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டான்.

“இரும்பாவது ஒண்ணாவது. நான் போன தீவாளிக்கே லெப்ட்டு முட்டிக்கு மாறிட்டேன் மச்சான், நீ பாக்கவே இல்லியா?”

வெள்ளானூர் வீடு

வெள்ளானூரில் புதிதாக வீடு கட்டியிருந்தவர் பெயர் துரைராஜ். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அதுவரை குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். சாதாரண வீடு, ஏசி கூடக் கிடையாது. இங்கே எதற்குக் கனமான கார்பெட் என்று எனக்குப் புரியவில்லை. ஃபோமை இரண்டு மடங்கு போடச் சொன்னார். ஓர் இடத்தில்கூட அலை எழும்பக் கூடாது என்றார். வலது முட்டியால் இடித்தேன். பாபு அன்று வேறு சைட்டில். பல்லைக் கடித்துக்கொண்டு முழு அறையையும் நானே இழுத்து மாட்டினேன்.

முடிந்ததும் துரைராஜ் உள்ளே வந்தார். சுவரோரத்தில் ஆணி முனை மேலே எட்டிப் பார்க்கிறதா என்று கன்னத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே அறையைச் சுற்றி வந்தார். பிறகு நடுவில் வந்து நின்றார். கையை ஊன்றாமல் கட்டை மாதிரி அப்படியே விழுந்தார். நான் பதறிப்போய்த் தூக்கப் போனேன். எழுந்து, இன்னொரு மூலைக்குப் போய் மறுபடி விழுந்தார். அவருடைய ஒரே மகள் தர்ஷினிக்கு வலிப்பு. மருந்துக்கு அடங்குவதில்லை. நெற்றியில் தையல் போட இனி இடமில்லை. சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

“அவ விழுறதத் தடுக்க என்னால ஏலாதுங்க. எங்க விழுறாங்கிறத மட்டுந்தான் பாத்துக்கிட முடியும்.”

மறுபடியும் வெள்ளானூர்

மழைக்காலம் வந்தது. ஈரம் ஏறிக் கார்பெட் ஒரு பக்கம் எழும்பிவிட்டது என்று துரைராஜ் போன் செய்தார். தர்ஷினி அதில் தடுக்கிவிட்டாள், பிடித்துக்கொண்டோம், இல்லையென்றால் கதவு நிலையில் மோதியிருப்பாள் என்றார். ஓனர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “சரியா இழுத்திருந்தா ஏன் எழும்புது? போய் நீயே சரி பண்ணிட்டு வா. முடியாதுன்னா சொல்லிடு” என்றார். முடியும் என்றேன். வலது முட்டியை அதற்குள் ஸ்டெல்லா துணிப்பட்டை போட்டுச் சுற்றியிருந்தாள், அது மடங்குவதை நிறுத்திப் பல நாளாகியிருந்தது.

துரைராஜ் வேலைக்குப் போயிருந்தார், அவர் மனைவி சமையலறையில். தர்ஷினி அறை வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, நெற்றியில் வரி வரியாகத் தழும்பு. மடங்காத வலது காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, இடது முட்டியைத் திண்டுக்கு நேராக வைத்து முதல் இடி இடித்தேன். கோணலாகப் போனது. இரண்டாவதும் கோணல். சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து, இடது முட்டிக்கும் அழத் தெரியும் என்று தெரிந்துகொண்டேன். கடைசியில் கார்பெட் விறைத்து ஆணியில் மாட்டியது. தடவிப் பார்த்தேன், அலை இல்லை. சந்தோஷமாக எழுந்தேன். பாதிதான் எழுந்திருப்பேன். இரண்டு முட்டியும் ஒன்றாகக் கைவிட்டன, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அறையின் நடுவில் தடாலென்று விழுந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை, இனி போன் வராது என்பதால். அந்தப் பெண் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் தனக்குப் பிறர் செய்வதுபோல் என் தலைக்குக் கீழே கையை வைத்தாள்.

“பயப்படாதீங்க அங்கிள், இங்க விழுந்தா வலிக்காது.”

மனிதனுக்கு இரண்டு முட்டி போதும் என்று முடிவு செய்தபோது ஆண்டவர் கார்பெட் போடுகிறவர்கள் யாரையும் கலந்தாலோசிக்கவில்லை.