மூன்றாம் நம்பர் டிரையருக்குள்

துணி வெளுக்கும் அந்த லோன்றியில் என்னை வேலைக்கு எடுத்ததற்கு முக்கிய காரணம் நான் மெலிந்திருந்ததுதான். சூப்பர்வைசர் கெவின் என் சான்றிதழ்களைப் பிரித்தே பார்க்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு துணி உலர்த்தும் டிரையரின் வட்டக் கதவைப் பார்த்தார். "திங்கட்கிழமை ஏழு மணிக்கு வா" என்றார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னியில் லிட்கம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது அந்த இடம். ஹோட்டல்களின் விரிப்புகளும் துவாய்களும் லொறி லொறியாக வந்து இறங்கும். யாழ்ப்பாணத்தில் நான் கணக்குப் படிப்பித்தவள். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். கணவருக்கும் அப்போது வேலை கிடைத்திருக்கவில்லை. மகள் சின்னவள். திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போனேன்.

ஐந்து டிரையர்கள். எல்லாம் காஸில் சூடாகிறவை. ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஓர் ஆள் குந்தியிருக்கலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பஞ்சு வலையை வெளியே இழுத்து வழிக்க வேண்டும். துணியிலிருந்து உதிரும் பஞ்சு அதில் கம்பளி போலப் படிந்திருக்கும். விட்டுவிட்டால் காற்றோட்டம் அடைபட்டுச் சூடு ஏறும். பிறகு ஒரு பொறி போதும். வெள்ளிக்கிழமைகளில் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, காற்று வெளியேறும் குழாய்வரை தூசி எடுப்போம். விரிப்போடு வந்த பேனாவோ பிளாஸ்டிக் பையோ டிரம்முக்குள் உருகி ஒட்டிக்கொண்டால், யாராவது உள்ளே நுழைந்து சுரண்ட வேண்டும். அந்த யாராவது நான்தான்.

டிரையர் பக்கம் என்னோடு நின்றவள் வூலா. கிரேக்கப் பெண், என் வயதுதான். எங்கள் இருவருடைய இங்கிலீசும் ஓட்டை. அதனால் அவள் பேசியதை என் தமிழிலேயே எழுதுகிறேன். நான் முதன்முதலாக டிரம்முக்குள் போகவிருந்த அன்று, அவள் சுவரில் இருந்த பலகையிலிருந்து மூன்று பீங்கான் பியூஸ்களைக் கழற்றித் தன் ஏப்ரன் பொக்கெற்றுக்குள் போட்டாள். காஸைப் பூட்டினாள். மெஷினை ஓடவைக்கும் ஸ்ராட் பட்டனை இரண்டு தரம் அழுத்தி, மெஷின் ஓடவில்லை என்று பார்த்தாள்.

"சரோ, நீ வெளியிலை வந்து, முடிஞ்சுது எண்டு உன்ர வாயாலை சொல்லவேணும். அதுவரைக்கும் இது என்னட்டைத்தான்" என்றாள்.

மத்தியானத்தில் இருவரும் சாப்பாட்டை மாற்றிக்கொள்வோம். என் கத்தரிக்காய்க் குழம்பைக் கண்ணீர் வழியச் சாப்பிட்டுவிட்டு அடுத்த நாளும் கேட்பாள்.

கெவின் கெட்ட மனிதர் இல்லை. மழை நாட்களில் எங்களைத் தன் காரில் ஸ்டேஷனில் இறக்கிவிடுவார். ஆனால் ஒரு டிரையர் சும்மா நின்றால் அவருக்குப் பொறுக்காது. ஒருநாள் வூலாவிடம் வந்து, "சுவிட்சை நிப்பாட்டினால் போதாதோ? பியூஸைப் பொக்கெற்றுக்குள்ளை போட்டுக்கொண்டு திரியிறாய். ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷம் போகுது" என்று ஏசினார்.

"போதாது" என்றாள் வூலா.

அதே வாரம் வியாழக்கிழமை, மூன்றாம் நம்பரில் நீல நிறப் பிளாஸ்டிக் பை ஒன்று உருகிவிட்டது. டிரம் ஆறும்வரை கதவைத் திறந்து வைத்தோம். வூலா பியூஸ்களைக் கழற்றினாள். நான் மரக் கரண்டியோடு உள்ளே போய்ச் சுரண்டினேன். நான் வெளியே வரவும் தேத்தண்ணி இடைவேளைக்கு மணி அடித்தது. வூலா முன்னே போனாள். பாதி வழியில் எனக்கு ஒரு நினைப்பு: பின்சுவரில் உள்ளங்கை அளவுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறதே. வெள்ளை விரிப்பில் நீலம் பட்டால் கெவின் சும்மா விடமாட்டார். இரண்டு நிமிட வேலைதானே என்று திரும்பிப் போய் உள்ளே நுழைந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பின்சுவரைப் பார்த்தபடி குந்தியிருந்தபோது வெளிச்சம் போனது. கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு பட்டனின் 'டக்'. மறுபடி 'டக்'. நான் கத்தினேன், கரண்டியால் டிரம்மில் அடித்தேன். வெளியே வோஷிங் மெஷின்கள் போட்ட இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அந்த இருட்டில் நான் என் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே நடந்ததைக் கெவினே பிறகு எனக்குச் சொன்னார். தேத்தண்ணி முடிந்ததும் துணி போட வசதியாக, வெறும் டிரம்மைச் சூடாக்கி வைக்க நினைத்திருக்கிறார். மெஷின் ஓடாததால் கோபத்தோடு வூலாவிடம் போயிருக்கிறார்.

"மூண்டாம் நம்பர் பியூஸைத் தா."

"சரோ இன்னும் முடிஞ்சுதெண்டு சொல்லேல்லை."

"டிரம் துப்பரவாயிட்டுது. நான்தான் கதவைச் சாத்திப்போட்டு வாறன்."

வூலா மேசையைப் பார்த்திருக்கிறாள். எனக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி தொடாமல் இருந்தது. அவள் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள்.

கதவு திறந்ததும் அவளுடைய கைதான் முதலில் தெரிந்தது. என்னை இழுத்து வெளியே எடுத்து, இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு, கிரேக்க மொழியில் வெகுநேரம் ஏசினாள். கெவின் ஈரத்துணி வண்டியின் விளிம்பில் குந்திவிட்டார். கொஞ்சம் பொறுத்து எழுந்து போய், எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். பாதி சோசரில் கிடந்தது.

அடுத்த நாள் காலை எல்லோரையும் கூப்பிட்டு, "நேற்றுக் கதவைச் சாத்தினது நான். உள்ளுக்குப் பாக்காமல் சாத்தினனான். வூலா என்ரை சொல்லைக் கேட்டிருந்தால் சரோ இண்டைக்கு இல்லை" என்றார். சில வாரங்களில் ஒவ்வொரு டிரையருக்கும் பூட்டுப் போடக்கூடிய மெயின் சுவிட்ச் வந்தது. அந்தப் பூட்டுக்குத் திறப்பு ஒன்றுதான், உள்ளே போகிறவர் அதைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும். பத்து நிமிடக் கணக்கை அவர் பிறகு யாரிடமும் பேசவில்லை.

கெவின் தன் பிழையைச் சொன்னார். என் பிழையை நான் சொல்ல வேண்டும். பிறகு பல வருடங்கள் அந்த லோன்றியில் இருந்தேன். நானே சூப்பர்வைசராகவும் ஆனேன். புதிதாக வருகிறவர்களிடம் பஞ்சு வலையைப் பற்றியும் காஸைப் பற்றியும் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்வேன்: பெரிய வேலைக்கு எல்லோரும் கவனமாகத்தான் இருப்போம். இரண்டு நிமிட வேலைதானே என்று போகும்போதுதான் ஆபத்து.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, "என்னை மன்னிச்சுக்கொள், வூலா" என்றேன்.

"அது எனக்கு வேண்டாம். உள்ளுக்குப் போகேக்கை, போறன் எண்டு சொல்லு" என்றாள்.