விட்பி என்று எழுதிய ஐந்து வருடங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கோபத்தில் கூட்டிச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. அப்பாவின் பிழையையும் மறைக்க மாட்டேன்.

மார்லோ கோர்னர்ஸ்... அந்த ஊரின் பெயரோடு எனக்கு முதலில் வருவது நனைந்த வைக்கோல் வாசம். காளான் பண்ணையில் வேலை முடிந்து வந்து அப்பா சப்பாத்தைக் கழற்றினால் வீடு முழுக்க அந்த வாசம்தான்.

விட்பி நகரத்துக்கு வடக்கே இரண்டு ரோட்டுகள் சந்திக்கும் இடம். ஒரு மூலையில் தேவாலயம். இன்னொன்றில் பழைய கடை. அதன் மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மூன்றாவதில், முன்பு ஒற்றை அறைப் பள்ளிக்கூடமாக இருந்த மண்டபம். நான்காவதில் சோள வயல். மேயர் இல்லை, எல்லை இல்லை. பெயர் எழுதிய பச்சைப் பலகை மட்டும். ஓடைக்கரையில் ஒரு மாவு ஆலை இருந்ததாம். ரயில் பாதை தெற்கே போனதும் ஆலை மூடிச் சனமும் போய்விட்டதாம்.

ஸ்கூல் பஸ் ஓடைப் பாலத்தில் ஏறி இறங்கும்போது வயிறு கூசும். எனக்கு அதுதான் ஊர் எல்லை.

ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரை அங்கே வளர்ந்தேன். இப்போது பெரிய நகரத்துப் பக்கம், அஜின்கோர்ட்டில் இருக்கிறோம். போன சனிக்கிழமை அந்த மண்டபத்தில் ஊர் வரலாற்றுப் பலகை திறந்தார்கள். அப்பாவை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடையை இடித்துவிட்டார்கள். சோள வயலில் ஒரே மாதிரியான வீடுகள்.

பலகையின் கடைசி வரி: ஆலை மூடியபின், புதிய வீடுகள் வரும்வரை இங்கே யாரும் குடியேறவில்லை.

யாரும்! பண்ணையில் வேலை செய்த நான்கு தமிழ்க் குடும்பங்கள் யார்? பனிக்குள் பஸ்ஸுக்கு நின்ற நான் யார்?

பலகையை எழுதியவரிடமே கேட்டேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். வருடா வருடம் மண்டபத்துச் சோள விருந்துக்கு வருகிறவர்கள் பெயரும் ஊரும் எழுதும் புத்தகம். அதைப் பார்த்துத்தான் குடியிருந்தவர்களைக் கண்டுபிடித்தாராம். அப்பாவின் கையெழுத்து ஐந்து இடத்தில் இருந்தது. ஐந்திலும் ஊர், விட்பி. மற்றத் தமிழ்க் குடும்பங்களும் அப்படியே.

"அப்பா, எங்கட ஜன்னலால பாத்தா இந்த ஹோல் தெரியும். பிறகேன் விட்பி எண்டு எழுதினீங்கள்?"

"உந்தப் பேரைச் சொன்னா ஆருக்கு விளங்கும், பிள்ளை? 'என்ன அத்தான், காட்டுக்கையோ இருக்கிறியள், கரடி வருதோ' எண்டு உன்ர மாமா கலியாண வீட்டில வச்சுச் சிரிச்சவர். அதோட எல்லாருக்கும் விட்பி எண்டே சொல்லிப் பழகிட்டன்."

"இஞ்ச இருக்கிற ஆக்களுக்குமோ?"

"ஓம்... கை தன்ரபாட்டில எழுதிப்போட்டுது."

அப்பா சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. பலகை எழுதியவர் எங்களை எழுதாமல் விட்டது ஒரு வரியில். அப்பா ஐந்து வருடம் எழுதாமல் விட்டிருக்கிறார். அன்று நாங்கள் வெட்கப்பட்டு மறைத்த அதே பெயரை, இன்று வீடு விற்பவர்கள் ஆளுயர எழுத்தில் அந்தப் புதிய வீடுகளின் வாசலில் வைத்திருக்கிறார்கள்.

பலகையை மாற்றக் குழு கூடவேண்டுமாம். புத்தகத்தில் அவரவர் எழுதியதை அவரவர் திருத்தலாம் என்று சொல்லிவிட்டு, அவர் கதிரைகளை அடுக்கப் போனார்.

"மற்ற ஆக்களின்ரயையும் திருத்தட்டோ?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"வேண்டாம். அவையே வந்து திருத்தட்டும். நான் போன் அடிக்கிறன்."

அப்பா பேனையை எடுத்தார். விட்பியை வெட்டி, மேலே மார்லோ கோர்னர்ஸ் என்று ஒவ்வொரு வருடமாக எழுதிக்கொண்டு வந்தார். ஐந்தாவதைத் தொடங்கியபோது, உள்ளே யாரும் இல்லை என்று நினைத்து, மண்டபத்தின் லைற்றுகளை அணைத்துவிட்டார்கள்.