பதினான்காம் எண் முத்திரை

சட்டை ஆலையில் சோதனைப் பிரிவின் மேற்பார்வையாளருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பிரிவில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த சோதனையாளர், ஒன்பது மாத மருத்துவ விடுப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறார். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. முதல் ஆறு வாரம் அரை நாள் வேலை, குனியக் கூடாது, துணிக் கட்டுகளைத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். மேற்பார்வையாளர் அதற்கும் ஒரு படி மேலே போனார். நல்ல நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து, முதுகுக்கு முட்டுக் கொடுக்க வீட்டிலிருந்து தலையணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கம்மா வந்தப்ப ஒரு மெத்தையை நகர்த்தச் சொன்னதுக்கே இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னீங்க. இப்ப என்ன இந்த ஓட்டம்?" என்று கேட்டாள் மனைவி.

வெளியே சொல்லக்கூடிய காரணம் இல்லாததால், அவர் தலையணையை இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

விஷயம் இதுதான். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் தையல், காலர், பொத்தான் எல்லாம் பார்த்து, சரியென்றால் பார்த்தவர் தன் எண் முத்திரையை ஒரு துண்டுச் சீட்டில் குத்திப் பைக்குள் போட வேண்டும். அக்காவின் எண் பதினான்கு. கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்ப்பார்; அவர் விட்ட சட்டையில் ஒரு நூல் பிசிறு இருக்காது. அவர் படுத்த பிறகு அந்த இடத்துக்குப் புதுப் பெண் ஒருத்தி வந்தாள். புது முத்திரை வாங்க மூன்று பேரிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டும். அக்காவின் முத்திரையோ இழுப்பறையில் சும்மா கிடந்தது. ரெண்டு நாளைக்குத்தானே என்று எடுத்துக் கொடுத்தார் மனிதர். ரெண்டு நாள் ஐந்து மாதமாக நீண்டது; அதன் பிறகுதான் அவளுக்குத் தனி எண் வந்தது. சோம்பேறித்தனம்தான், வேறு பெயரில்லை அதற்கு.

இப்போது கடைகளிலிருந்து கோணல் காலரும் ஓட்டைத் தையலுமாக நாற்பது சட்டைகள் திரும்பி வந்திருந்தன. எல்லாவற்றிலும் பதினான்கு. சீட்டில் தேதி கிடையாது.

பணியாளர் அதிகாரி நல்லவர். தன் அறையில் அக்காவையும் மேற்பார்வையாளரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே எடுத்தார். "உங்களைக் குத்தம் சொல்லலம்மா. லீவுக்கு முன்னாடி வலியோட வேலை பார்த்திருக்கீங்க, கண்ணு தப்பியிருக்கும். இனிமே மடிக்கிற மேசையிலயே இருந்துடுங்க."

மேற்பார்வையாளர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் எதிரே இருந்த தண்ணீரைத்தான் எடுத்துக் குடித்தார்.

"இருக்கும் சார். அப்பல்லாம் நிக்கவே முடியல," என்றார் அக்கா. பிறகு இவர் பக்கம் திரும்பினார். "என்னால உனக்குத்தான் கெட்ட பேரு. மன்னிச்சுக்க தம்பி."

இவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்து நினைத்து மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் தன் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் அக்காவுக்கு இனி மடிப்புதான். எது பெரியது என்று அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தார்.

நான்காம் நாள் மடிக்கும் மேசைப் பக்கம் போனார். அக்கா ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தக் காலர் கோணலா தெரியுது எனக்கு. நீ ஒரு தடவை பாரும்மா. என் கண்ணை நம்ப முடியல."

கேட்டது அந்தப் புதுப் பெண்ணிடம். பதினான்கைக் குத்தித் தள்ளியவளிடமே! காலர் கோணல்தான். அவளோ, "நல்லாத்தானே இருக்குக்கா," என்றாள்.

மேற்பார்வையாளருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அக்காவைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த நாற்பதில் ஒன்றைக்கூட அக்கா தொடவில்லை என்றார்.

அக்கா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஊசியில நூல் கோக்கக்கூட எம்பொண்ணைத்தான் கூப்பிடறேன் இப்பல்லாம்," என்றார். "கண்ணு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்."

"நாளைக்குக் காலைல முத வேலையா மேல போய்ச் சொல்லிடறேன்க்கா."

"நாளைக்கு எதுக்கு?" அக்கா எழுந்தார்.

அதிகாரியின் அறை இரண்டாம் மாடியில். லிஃப்டில் சரக்கு மட்டும்தான் போகும். அக்கா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினார். இவர் கை நீட்டினார், அக்கா பிடிக்கவில்லை.

"நீங்க ஏன்க்கா கஷ்டப்படறீங்க? நான் மட்டும் போறேன்."

"நான் மன்னிப்புக் கேட்டப்ப நீங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க, சார். நானும் வரேன்."

பன்னிரண்டு வருடமாகத் தம்பி என்று கூப்பிட்ட வாய் அது. மேற்பார்வையாளருக்குக் கண் கலங்கியது, அழக்கூட வெட்கமாக இருந்தது.

கதவைத் தட்டியது அக்காதான். "சாருக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்," என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, அவர் உள்ளே போக வழிவிட்டு நின்றார்.