லென்ஸைப் பார்த்த அங்கம்மா

1. ஏழாவது டேக்

"கட்! கட்! யாருய்யா அந்தம்மா? மறுபடியும் லென்ஸையே பாக்குது!"

டைரக்டர் மெகாஃபோனில் கத்தியது பைக்காரா ஏரியின் அந்தக் கரைக்கே கேட்டிருக்கும். ஏழாவது டேக். ஏழுமே ஒரே ஆளால் வீண். அந்த ஆளைக் கூட்டி வந்தவன் நான்.

ஊட்டிக்கு வரும் சினிமா கம்பெனிகளுக்கு லோக்கல் ஏற்பாடு செய்து கொடுப்பது என் வேலை. ஜீப், லாட்ஜ், பாரஸ்ட் பர்மிஷன், எந்த மேட்டில் எத்தனை மணிக்கு மிஸ்ட் இறங்கும் என்ற விவரம், கூட்டத்துக்கு ஆள், எல்லாம் என் தலையில். இப்போது அதே வேலைக்கு வருகிற பசங்க சிலர், "அண்ணா, பெரிய நடிகர்களோட பழகுனத எழுதுங்க" என்று கேட்டார்கள். பெரிய நடிகர்கள் என்னிடம் பேசியது "தம்பி, வெந்நீர் கிடைக்குமா" என்பதோடு சரி. அதனால் அங்கம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

அது எனக்குக் கிடைத்த முதல் பெரிய படம். புரொடக்‌ஷன் மேனேஜர் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கு இந்த சீன் முடியலேன்னா நாளையிலேருந்து நீ இந்தப் பக்கம் தலை காட்டாதே."

மணி இரண்டு. மூன்றரைக்கு மிஸ்ட் வந்துவிடும் என்று சொல்லி வைத்தவனும் நான்தான்.

2. பிரட்டு

படத்தின் கதை, காலேஜில் பாடமாக வைக்கிற ஒரு பழைய செய்யுள் நாடகம். எதிரிப் படை ஊரை வளைத்துக்கொள்கிறது. ஊர் பட்டினி கிடக்கிறது. ராணியை அனுப்பினால் போய்விடுகிறேன் என்கிறான் எதிரி ராஜா. ஜனங்களே கூடிவந்து அவளைப் போகச் சொல்கிறார்கள். அவள் தன் குழந்தையைக் கரையில் விட்டுவிட்டுப் படகேறுகிறாள். நாடகத்துக்கு உயிரே அந்தப் படகு சீன்தான் என்பார்கள்.

அதை எப்படி எடுப்பது என்பதில் யூனிட்டுக்குள்ளேயே சண்டை. உதவி டைரக்டர் எம்.ஏ. படித்தவர். புத்தகத்தைக் கக்கத்தை விட்டு இறக்கவே மாட்டார்.

"சார், புஸ்தகத்துல ஜனங்க அழலை சார். வாயடைச்சு நிக்கிறாங்க. போகச் சொன்னதே அவங்கதானே?"

"ஏன்யா, ஜனங்களை வில்லனாக் காட்டச் சொல்றியா? தியேட்டர்ல டிக்கெட் வாங்கி உக்காந்திருக்கிறதும் ஜனங்கதான். நம்ம படத்துல அவங்க ஒண்ணும் சொல்லலை. ராணி தானாப் போறா. ஜனங்க கதறுறாங்க. அவ்வளவுதான்" என்றார் டைரக்டர்.

பட்டினி கிடந்த மாதிரி எண்பது பேர் வேண்டும் என்றார்கள். நான் நடுவட்டம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். இரு நாட்டு ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு அப்போதுதான் அங்கே லயம் என்கிற வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பாதி வீடுகளுக்குக் கதவுகூட மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு. ஒரு நாள் கூலியும் மத்தியானச் சாப்பாடும் என்றதும் லாரி நிறைய வந்துவிட்டார்கள்.

முதல் ஷாட்டிலேயே கூத்து. நான் ஊளை போடுகிற மாதிரி ஒரு விசில் அடித்தேன். அவ்வளவுதான், எண்பது பேரும் ஓடிப்போய் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று நூல் பிடித்த மாதிரி நின்றுவிட்டார்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்குப் பிரட்டு என்று பேர். பிறந்ததிலிருந்து பிரட்டுக்கு நின்று பழகிய கால், விசில் கேட்டால் வேறு என்ன செய்யும்?

"இது பட்டினி கிடக்கிற ஜனமா, ஸ்கூல் பிரேயரா?" என்று டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் ஒவ்வொருவராகப் பிடித்து முன்னே பின்னே தள்ளி, வரிசையைக் கலைத்தேன். அப்படித் தள்ளும்போது முன் வரிசையில் வந்து நின்றவர்தான் அங்கம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். மேக்கப்மேன் கன்னத்தில் கறுப்பு தடவி, கண்ணுக்குக் கீழே குழி போட்டு, பத்து நாள் பட்டினி கிடந்தவராக அவரை மாற்றியிருந்தார். கேமராமேன் பார்த்துவிட்டு "நல்ல முகம்" என்றார். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். எனக்கென்ன தெரியும்!

3. அட்டனுக்குப் போகுமா?

ஏழாவது கட்டுக்கு அப்புறம் நேராக அவரிடம் போனேன். எனக்கு அந்த வயதில் கோபம் மூக்குமேல் இருக்கும்.

"ஏனுங்கம்மா, எத்தன தடவ சொல்றதுங்க? படகப் பாருங்க, ராணியப் பாருங்கன்னா, அந்தப் பொட்டியையே மொறச்சு மொறச்சுப் பாக்கறீங்களே! உங்களால என் பொழப்பு போகப் போவுதுங்க."

அவர் பதறவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இந்தப் படம் அட்டனுக்குப் போகுமா?"

அட்டன் என்பது சிலோன் மலையில் ஓர் ஊர். "எதுக்குங்க?" என்றேன்.

"எம்மக தவமணி அங்கிட்டுத்தான் இருக்கா. கட்டிக் குடுத்த குடும்பத்துக்கு சிலோன் பிரஜாவுரிமை கெடச்சிருச்சு. எங்களுக்கு இந்தியா பாஸ்போட்டு. தலைமன்னார்ல அவள விட்டுப்புட்டுக் கப்பலேறி மூணு வருசமாச்சு. எனக்குக் கடுதாசி எழுதத் தெரியாது. யாரையாச்சும் புடிச்சு எழுதினாலும் 'நலம், நலமறிய ஆவல்'னு எழுதுறாக. எம்மூஞ்சிய அதுல காட்ட முடியுமா? ஆனா அவ படம் ஒண்ணு விட மாட்டா, தம்பி. அட்டன் தியேட்டருக்கு எந்தப் படம் வந்தாலும் மொத ஆளாப் போயி ஒக்காந்திருப்பா."

"செரிங்க, அதுக்கு?"

"அவ இந்தப் பொட்டி வழியாத்தானே பாப்பா? நா அங்கிட்டு ராணியப் பாத்துக்கிட்டு நின்னா, எம்புள்ள எம்மூஞ்சிய எப்புடிப் பாப்பா?"

எனக்கு வந்த கோபம் எங்கே போச்சென்று தெரியவில்லை. படம் சிலோனுக்குப் போகுமா, போகாதா என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. "போகுங்க, கண்டிப்பாப் போகும்" என்று புளுகிவிட்டேன்.

மேனேஜர், "அந்தம்மாவைத் தூக்கிப் பின்னாடி போடு" என்றார். உதவி டைரக்டர் விடவில்லை. காலையில் எடுத்த ஷாட்டிலெல்லாம் அவர் முன் வரிசையில் நிற்கிறார், இப்போது மாற்றினால் கன்டினியூட்டி போய்விடும் என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் வேலையும் போகக் கூடாதே!

"அம்மா, பக்கவாட்டுல பாத்தாலும் மக கண்டுபுடிச்சுக்குவாங்க. கேமராவ மட்டும் பாக்காதீங்க. என்னைக் காப்பாத்துங்க" என்று கெஞ்சினேன். அவரும் பாவம், முயன்றார். எட்டாவது டேக்கில் குனிந்து தரையைப் பார்த்தார், அதுவும் ஆகவில்லை. ஒன்பதாவதில் ராணியைத்தான் பார்த்தார். எல்லாம் நல்லபடியாகப் போய், கடைசி நொடியில் ஒரே ஒரு தடவை, நேராக லென்ஸுக்குள்!

"கட்!"

"கண்ணு தானாப் போவுது தம்பி, நா என்ன செய்ய?" என்றார். அவருக்கே அழுகை வந்துவிட்டது. 

4. படகு

கேமராமேன் அதிகம் பேசமாட்டார். காலையிலிருந்து அவர் பேசியது பத்து வார்த்தை இருக்கும். அவர் எழுந்து வந்து, "என்னப்பா சொல்றாங்க அந்தம்மா?" என்று என்னைக் கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். ஏரியையும் படகையும் ஒரு தடவை கண்ணால் அளந்தார். அப்புறம் டைரக்டரிடம் போனார்.

"கேமராவைப் படகுல ஏத்திருவோம் சார். ராணி உக்கார்ற எடத்துல கேமரா. படகு போகப் போக, ராணி கண்ணுல கரை எப்படித் தெரியுதோ அப்படி. அப்ப எல்லாரும் லென்ஸைத்தான் பாக்கணும்."

"ராணி ஃப்ரேம்லயே இல்லாம இந்த சீனா?"

"அவ அழறதை ஸ்டூடியோவுல எடுத்துக்கலாம் சார். மிஸ்ட் நமக்காக நிக்காது."

மிஸ்ட்டைச் சொன்னதும் டைரக்டர் ஒத்துக்கொண்டார். கேமராவைப் படகில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். நான் கரையில் ஓடிப்போய்ச் சொன்னேன்: "எல்லாரும் பொட்டியவே பாருங்க! பொட்டிதான் ராணி! ஆக்‌ஷன்னு சொன்னதும் ஓன்னு அழுகணும். அம்மா, நீங்க நல்லாப் பாருங்க. ஆசை தீரப் பாருங்க."

"நெசமாவா தம்பி?" என்று கேட்டு, அந்தப் பட்டினி மேக்கப்போடு சிரித்தார்.

"ஆக்‌ஷன்!"

படகு நகர்ந்தது. கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. அப்புறம் நாலு முழம். கதறுங்கள் என்று டைரக்டர் படகிலிருந்து கையை ஆட்டுகிறார். காலையில் ஒத்திகையில் சும்மா சொன்னதற்கே ஊரைக் கூட்டி அழுத எண்பது பேரும் அப்போது சத்தமே போடவில்லை. எல்லாரும் கப்பலேறி வந்த ஜனம். கரை விலகுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு கைக்குழந்தை மட்டும் எங்கோ சிணுங்கியது.

அங்கம்மா முன்னால் நின்றார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் ஏதோ சொன்னது. தண்ணீரின் மேல் மெல்ல மிஸ்ட் இறங்கியது. கேமராவில் பிலிம் தீர்ந்து அது தானாக நிற்கும் வரை டைரக்டர் கட் சொல்லவே இல்லை.

படகு திரும்பி வந்தது. உதவி டைரக்டர் கக்கத்துப் புத்தகத்தைக் கையில் எடுத்து, "சார், எழுதினவன் எழுதின மாதிரியே..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்யா. வாயை மூடு" என்று டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கம்மாவிடம் வந்தார். "ஏம்மா, அழச் சொன்னேனே, ஏன் அழலை?"

"விட்டுப்புட்டு வந்தவளுக்கு அழ என்ன வாய் இருக்குங்க ஐயா?" என்றார் அங்கம்மா.

அன்று சாயங்காலமே டைரக்டர் வசனத்தை மாற்றி எழுதச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். படத்திலும் ஜனங்கள்தான் ராணியைப் போகச் சொல்கிறார்கள். போகச் சொல்லிவிட்டு வாயடைத்து நிற்கிறார்கள். என் வேலை தப்பியது.

லாரி ஏறும்போது நான் கேட்டேன். "உதட்ட அசச்சீங்களே, என்னங்க சொன்னீங்க?"

"சாப்புட்டியாடின்னு கேட்டேன், தம்பி."

5. பதில்

படம் ஊட்டித் தியேட்டருக்கு வந்தபோது தோட்டத்து ஜனம் லாரி பிடித்து வந்தது. அந்த இடம் வந்ததும் திரை முழுக்க அங்கம்மா. மெட்ராஸில் பின்னணிக்கு ஒற்றை வயலின் போட்டிருந்தார்கள். உதடு அசைவது தெரிந்தது, என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. என் பக்கத்துச் சீட்டில் அங்கம்மா, "இம்புட்டுப் பெருசாவா காட்டுவாக!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. கம்பெனிக்கு இரண்டு கடிதம் போட்டேன், சிலோனுக்குப் படம் போகிறதா என்று. பதிலே இல்லை. மார்க்கெட்டில் தூரத்தில் நடுவட்டத்துக்காரர் யாரைப் பார்த்தாலும் நான் வேறு சந்தில் புகுந்துவிடுவேன். புளுகினவன் புத்தி!

வருஷம் ஒன்று ஓடியது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அங்கம்மாவே என்னைப் பிடித்துவிட்டார். கையில் ஒரு நீலக் கடிதம்.

"படிச்சுக் காட்டு தம்பி. லயத்துல ஒருத்தர் படிச்சுச் சொன்னாக. நீயும் ஒருக்கா படி."

தவமணி எழுதியிருந்தாள். படம் அட்டனுக்குப் போயிருக்கிறது! எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. மேலே படித்தேன். "அம்மா, நீ கேட்டது எனக்குத் தெரிஞ்சிருச்சு. நா சாப்புட்டேன். தெனமும் சாப்புடுறேன். நீ சாப்புடலையா? ஏம்மா இப்புடிக் கன்னம் ஒட்டிப் போயிருக்க? இந்தியாவுல ஒனக்குச் சோறு குடுக்கலையா? மூணு தடவ போயிப் பாத்தேன். பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கமில்ல."

அந்தக் கறுப்பு! மேக்கப்மேன் தடவிய கறுப்பு! தாய் முகத்தை மகளுக்குக் காட்டுகிறேன் என்று மார்தட்டிக்கொண்டவன், பட்டினி கிடக்கிற தாயைக் காட்டி அந்தப் பெண்ணை அழவைத்திருக்கிறேன். அங்கம்மாவோ சிரிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார், மறுபடி சிரிக்கிறார். "பவுடருடின்னு எழுதிப் போடு தம்பி. கிறுக்குச் சிறுக்கி, அதப் போயி நம்பிட்டா!"

"எழுதினா நம்ப மாட்டாங்க. வாங்க என்கூட" என்று சேரிங்கிராஸ் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனேன். அதற்கப்புறம் எத்தனையோ படத்துக்குக் கூட்டம் சேர்த்தேன். ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது, "இதுல உங்கள யாருங்க பாக்கணும்?" என்பதுதான். பதில் சொன்னவர்களுக்கு முன் வரிசை, முகத்தில் கறுப்பும் கிடையாது. அந்தப் புத்தி எனக்கு அந்த பஸ் ஸ்டாண்டில் வந்தது.

ஸ்டூடியோவில் அங்கம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். கன்னம் நன்றாகத்தான் இருந்தது. விளக்கைப் போட்டார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "அம்மா, இங்க பாருங்க" என்றார்.

அங்கம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார்.

"அம்மா, கேமராவப் பாருங்கம்மா."

இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். பிறகு கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டி, "பாக்கக் கூடாதுல்ல தம்பி?" என்றார்.

ஒன்பது டேக்கும் அவரைத் திட்டியும் கெஞ்சியும் பழக்கியவன் நான். ஓடிப்போய் கேமராவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

"பாருங்கம்மா. இங்கதான் தவமணி இருக்கா. நல்லாப் பாருங்க."

பார்த்தார்.