ஒற்றை விசில்

கண்டக்டரம்மாவுக்கு வீட்டில் பேச்சு குறைவு. பகலெல்லாம் "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கத்திக் கத்தி, சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும். ஆனால் மகள் பந்தாடும் மைதானத்துக்குப் போனால் மட்டும் எங்கிருந்துதான் குரல் வருமோ, பக்கத்தில் நிற்கும் அப்பா அம்மாக்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். "மானம் போகுதும்மா. வாயத் தொறக்கறதா இருந்தா வராத" என்று மகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் அம்மா கொடுத்த சீதனம்.

அன்றைக்கு அம்மா வாயைத் திறக்கவில்லை. டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேரே வந்தவள், கழுத்தில் விசில் தொங்க, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டம் முடியப்போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. மகள் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எதிரே கோல்கீப்பர் ஒருத்திதான். குறுக்கே பாய்ந்த எதிரணிப் பெண் கால் பின்னிக் குப்புற விழுந்தாள்.

பஸ் படியில் யாராவது தடுமாறினால் கண்டக்டரம்மா யோசிப்பதில்லை. ஒற்றை விசில், வண்டி நின்றுவிடும். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருவர்கூடச் சக்கரத்தில் சிக்கியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இப்போதும் கை தானாக எழுந்தது. விசில் மைதானம் முழுக்கக் கேட்டது.

எல்லோரும் நின்றார்கள். மகளும் நின்றாள், உதைக்கத் தூக்கிய காலோடு. நடுவர் தன் விசிலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுற்றுமுற்றும் தேடினார். விழுந்தவளோ ஒன்றும் ஆகாமல் எழுந்து டவுசரைத் தட்டிக்கொண்டாள். கோல் கைநழுவிப் போயிற்று. ஆட்டமும் அப்படியே முடிந்தது.

வீட்டில் மகள் முகம்கொடுத்துப் பேசவில்லை. அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக ஒரு பயம்: இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் வாராவாரம் கூட வேலை செய்பவர்களிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறாள். அடுத்த ஆட்டத்துக்கு முந்தின நாள் மகள் சமாதானத்துக்கு வந்தாள்.

"விசில என்கிட்ட குடுத்துடணும். தூரமா, மைதானத்து கேட் பக்கத்துலதான் நிக்கணும். மூச்சு விடக்கூடாது."

"மூச்சாவது விட்டுக்கறேன்டி."

"சத்தமில்லாம விடு."

அப்படியே நின்றாள். ஆட்டத்தின் நடுவில் ஒருத்தி முழங்கையால் இடித்து மகளைத் தள்ளினாள். நடுவர் கண்ணில் அது படவில்லை. பந்து அந்தப் பக்கம் போய்விட்டது. மகள் முழங்காலைப் பிடித்தபடி புழுதியில் கிடந்தாள். அம்மாவின் கை கழுத்துக்குப் போய், வெறும் காலரைப் பிடித்தது. கேட் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாளே தவிர, சத்தம் போடவில்லை. மகள் தானாக எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினாள்.

திரும்பும்போது இருவரும் பஸ்ஸில் பயணிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் விழுந்தது பாத்தியா?"

"பாத்தேன்."

"நானும் உன்னத் தேடினேன். நீ எங்கயோ தூரத்துல நின்ன."

"நீதானே நிக்கச் சொன்ன."

மகள் பையைத் துழாவி விசிலை எடுத்து, அம்மாவின் கழுத்தில் மாட்டினாள்.

"அடுத்த ஆட்டத்துக்கு எல்லைக் கோட்டுக்குப் பக்கத்துலயே வந்து நில்லு" என்றாள். "ஆனா அன்னிக்கும் விசில் என்கிட்டதான்."