பதில் வரும்வரை ஒரு மூச்சு

முதல் அறிகுறி ஒரு கொட்டாவி. உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், சாந்தோமில் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு வாயைத் திறந்தேன். பாதியில் வலது விலாவில் ஊசி ஏறினாற்போல் ஒரு வலி. கொட்டாவி அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் எல்லாம் என் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெஞ்சில் நீர் கோத்துப் படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புத்தி சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வந்தது ப்ளூரிஸி (நுரையீரலைச் சுற்றியுள்ள உறை அழன்று, அதற்குள் நீர் சேர்வது). ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசியை இறக்கி இரண்டு தடவை நீரை எடுத்தார்கள். என்னைக் குணமாக்கியது அந்த ஊசியும் ஓய்வும்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சுப் பழகியே நீரை வற்றவைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஊசிக்கு எட்டாத ஒன்று எனக்குள் தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மத்தியானம் மறுபடி ஜுரம் ஏறியது. என் கணவர் அருளப்பன் துறைமுகத்தில் குமாஸ்தா. பதற்றமே தெரியாத மனிதர். அன்றைக்கு டாக்டரைத் தேடி ஓடாமல் கோயிலுக்கு ஓடினார். எங்கள் ஜனங்களின் வழக்கம் அது. அவஸ்தைப்பூசுதல் (சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்குக் குருவானவர் எண்ணெய் பூசும் சடங்கு) இல்லாமல் யாரும் போய்விடக் கூடாது. அதனால் கொஞ்சம் முந்திக்கொண்டே சாமியாரைக் கூப்பிட்டுவிடுவோம். நாத்தனார் ரோஸி என் கட்டிலருகே சின்ன மேசையை இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையும் இரண்டு மெழுகுவர்த்தியையும் வைத்தாள். சாமியார் வந்து எனக்கு எண்ணெய் பூசிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் அந்த மேசை போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். அதன்பிறகு எழுந்து நடமாடிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. டாக்டர் கைவிட்டுவிட்டார், என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

ஜுரம் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. மேசை மட்டும் அப்படியே இருந்தது. எடுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ரோஸிக்குப் பயம். எடுக்காமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பயம்.  மாலை ஜெபத்தை என் காதில் விழாதபடி முன்னறையில் முணுமுணுத்தார்கள்.

நான் மூச்சை மேலோடு மேலாக இழுத்துக்கொண்டிருந்தேன். ஆழமாக இழுத்தால் வலிக்கும், வலித்தால் அதுவே கடைசி என்று எண்ணம். கூஜாவைக்கூட ரோஸிதான் தூக்கித் தர வேண்டியிருந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நின்று வாசிக்க முடியாவிட்டால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக, பள்ளிக்கூடத்தை நடத்தும் கன்னியாஸ்திரீயான மதர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த வகுப்புதான் என் பிள்ளைகள். அதுவும் போனால் எழுந்துதான் என்ன செய்ய?

என் கோளாறை முதலில் கண்டுபிடித்தவள் மீன்காரி கன்னியம்மா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள், "இன்னா டீச்சரம்மா, திருடிகினு வந்தாப்ல மூச்ச இம்மாத்தூண்டு இஸ்துகினு கீறே? ஒன்னோடதுதானே!" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மயிலாப்பூரிலிருந்து வந்த லேடி டாக்டர் அதையே வேறு தமிழில் சொன்னார். குழலை முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "நீரெல்லாம் போயாச்சு. நுரையீரல் தேமேன்னு இருக்கு. நீங்கதான் அதுக்கு வேலையே கொடுக்காம பயந்துண்டு படுத்திருக்கேள்" என்றார்.

"அப்ப ஏன் டாக்டர் எனக்கு எண்ணெய் பூசினாங்க?"

அவருக்குப் புரியவில்லை. மேசையைக் காட்டி விளக்கினேன். "நான் ஒண்ணும் சொல்லலியே! என்னைக் கேட்டா செஞ்சேள்?" என்று அருளப்பனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பயந்துட்டேன்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விலா வலித்தது. வலித்தும் நான் சாகவில்லை!

டாக்டர் என் கையை எடுத்து என் விலாவின் மேல் வைத்தார். மூக்கால் மெதுவாக இழுத்து, விலா விரிவதைக் கவனிக்க வேண்டும். இழுத்ததைவிட நீளமாக விட வேண்டும். வலி வந்தால் பதறாமல், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். "மனசுக்குள்ள எண்ணிண்டே பண்ணுங்கோ" என்றார். எண்ணிப் பார்த்தேன். நாலு வந்ததும் இன்னும் எத்தனை மூச்சு மிச்சம் என்று மனசு கேட்டது. பயம் கூடிற்று.

அன்று மாலை ஜெபத்தை என் அறையிலேயே சொல்லச் சொன்னேன். மாதா பிரார்த்தனையை ரோஸி நடத்தினாள். ஒருவர் மாதாவின் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொல்ல, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்வது அது. ரோஸி நடுவில் நாலைந்தை விழுங்கிவிட்டாள். வாத்தியாரம்மா புத்தி சும்மா இருக்குமா? "ஏய், தாண்டாதே! தள்ளு, நானே சொல்றேன்" என்று ஆரம்பித்தேன்.

ஒரு பெயரைச் சொல்லும்போது மூச்சு நீளமாக வெளியே போயிற்று. அவர்கள் பதில் சொல்லும் நேரத்தில் எனக்கு வேலை ஒன்றுமில்லை. காற்று தானாக உள்ளே வந்தது. கைக்குக் கீழே விலா விரிந்தது. எண்ண வேண்டியதில்லை, மிச்சம் எத்தனை என்று கேட்க வேண்டியதில்லை. ஐந்து பெயர் சொல்லிவிட்டேன்! அருளப்பன் பதில் சொல்ல மறந்து என்னையே பார்த்தார். "சொல்லுங்க, நான் மூச்சு விட வேணாமா?" என்று அதட்டினேன்.

மறுநாள் எட்டு. அதற்கு அடுத்த நாள் மூன்றோடு நின்றுபோய் அழுதேன். பிறகு பத்து, பதினைந்து. பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. வரும், ஒரு பதில் நேரம் உட்கார்ந்திருக்கும், விடுகிற மூச்சோடு கிளம்பும். கூஜாவை நானே தூக்கிக்கொண்டேன். பசித்தது! ரேஷன் கோதுமைக் கஞ்சியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

பிரார்த்தனை முழுவதையும் நிற்காமல் சொல்லி முடித்த அன்று கட்டிலைவிட்டு எழுந்தேன். சுரூபத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்து ரோஸி கையில் கொடுத்துவிட்டு, வெள்ளைத் துணியை உருவினேன். "அண்ணி!" என்று அவள் அலறினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அந்த மேசையில் ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை வைத்தேன்.

ஜூனில் வகுப்புக்குப் போனேன். மதர் வராந்தாவில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். "பசு பால் கொடுக்கும்" என்று வாசித்துவிட்டு மூச்சுக்காக நிறுத்தினேன். பழக்க தோஷம், ராகமும் அதே ராகமாக வந்திருக்க வேண்டும். வீட்டில் தினமும் பதில் சொல்லிப் பழகிய முழு வகுப்பும் ஒரே குரலில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றது.

மதர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் சிரித்தேன். கொட்டாவி நின்றுபோன அந்த இடத்தைத் தாண்டி, விலாவின் அடிவரைக்கும் போய்ச் சிரித்தேன். வலிக்கவே இல்லை. முன்பெல்லாம் மணியடிப்பதற்குள் பாடத்தை முடிக்க வேண்டும் என்று ஓடுவேன். இப்போது அடுத்த வரிக்கு அவசரப்படவில்லை. பிள்ளைகள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு நேரம் இருந்தது.